தோள் இறக்குறவ

உக்காருங்கம்மா, தாராளமா உக்காருங்க. பாப்பாவை மடியில வச்சுக்கறேன். அந்தப் பையை மட்டும் கீழ வைக்காதீங்க, உள்ள வயரு இருக்கு, மடங்கிடும். எங்கிட்டயே குடுத்துடுங்க.

சேலம் வரைக்குமா? நானும் சேலந்தான். அங்கிருந்து ஏற்காடு. சுத்திப் பாக்கவா? ஐயோ, நான் எங்க சுத்திப் பாக்கப் போறது, வேலையாப் போறேன். சின்னக் குழந்தையத் தூக்கிக்கிட்டு மலையில என்ன வேலைன்னு பாக்கறீங்க. கண்டக்டரும் அப்படித்தான் பாத்தாரு.

ஓசூர்ல ஒரு கம்பெனிங்க. ரேடியோ டிரான்ஸ்மிட்டர் செய்யறாங்க. வீட்டுல வச்சுப் பாட்டுக் கேப்பமே, அது இல்லை. அது கேக்கற பெட்டி. இது அனுப்பற பெட்டி, பீரோ கணக்கா இருக்கும். மலை உச்சியில கம்பிக் கோபுரம் நிக்குமில்ல, அதுக்குக் கீழ ஒரு ரூம்புல வைப்பாங்க. அந்தப் பெட்டி கம்பெனிய விட்டு வெளிய போறதுக்கு முன்னாடி கடைசியா அதைத் தொடற கை என் கைதான். நான் கேலமங்கலம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துல படிச்சு, அப்புறம் பாலிடெக்னிக்ல டிப்ளமா முடிச்சவ. இருந்தாலும் எங்க பத்ரி சார், அவருதான் எங்களுக்கு மேலாளரு, அவரே என்ன சொல்வாருன்னா, "மாதேஸ்வரி கை வைக்காம ஒரு பெட்டியும் லாரி ஏறாது"ம்பாரு. சொல்வாரு. சொல்லிக்கிட்டு இருந்தாரு.

என்ன கை வைப்பேன்னு கேக்கறீங்களா? சொன்னாப் புரியும், ஒண்ணும் கஷ்டம் இல்லை. உள்ள போற சத்தம் எப்படியோ அப்படியே பெருசாகி வெளிய வரணும். நீட்டறது கோணறது இருக்கக் கூடாது. அந்த மாதிரி செய்யற டிரான்ஸ்மிட்டருக்கு லீனியர்னு பேரு. ஆனா நேரா அப்படிப் பெருசாக்கினா கரண்டைக் குடிச்சுத் தள்ளிடும், பாதி கரண்டு சூடாகியே போயிடும். அதனால என்ன பண்றாங்க, உள்ள வர்றதை ரெண்டாப் பிரிக்கறாங்க. ஏத்த இறக்கம் மட்டும் ஒரு வழியில போகும். துடிப்பு மட்டும் இன்னொரு வழியில போகும். கடைசியில ஒரு பெட்டி, பவர் ஆம்பும்பாங்க, அங்க ரெண்டும் வந்து சேரும். சேர்ற எடத்துல ரெண்டும் ஒரே நேரத்துல வந்து நிக்கணும். அதுதான் சூட்சுமம்.

இப்ப பாருங்க, கண்டக்டர் விசில் அடிக்கறாரு, டிரைவர் வண்டிய எடுக்கறாரு. ரெண்டும் சேந்து நடந்தா சரி. வண்டி முன்னாடி கெளம்பி விசில் பின்னாடி வந்தா? படியில கால் வச்ச பொம்பளை ரோட்டுலதான் கெடப்பா. அதேதான். ஒரு வழி கண்ணிமைக்கிறதுல கோடியில ஒரு பங்கு லேட்டானாக்கூட, போற சத்தம் அடுத்தவன் அலைவரிசையில போய்ச் சிந்தும். அவன் சண்டைக்கு வருவான்.

ஸ்கிரீன்ல பாத்தாத் தெரிஞ்சுடும். நடுவுல மேசை மாதிரி ஒரு மேடு நிக்கும். சரியா இருந்தா ரெண்டு பக்கமும் கெணத்துச் சுவராட்டம் செங்குத்தா எறங்கும். நேரம் தப்பிருந்தா ரெண்டு பக்கமும் தோள் தூக்கிக்கிட்டு நிக்கும். தோள்னுதான் நாங்க சொல்றது. அந்தத் தோளை இறக்கணும். எந்த வழி முன்னாடி வருதோ அந்த வழியில ஒரு துண்டு வயரு சேத்து மாட்டணும். வயரு நீளமானா வர்றதும் லேட்டாகும், அவ்ளோதான். எத்தனை நீளம்? அங்கதான் நான் வர்றேன். நானே வெட்டி வச்ச துண்டுங்க, ஒவ்வொண்ணு நுனியிலயும் தையல் நூலு கலர் கலரா முடிஞ்சு வச்சிருப்பேன். பச்சைய மாட்டு, பாரு. கழட்டு. மஞ்சளை மாட்டு. தோள் எறங்கும் பாருங்க, பாக்கப் பாக்கக் கண்ணு குளுந்து போகும். "தோள் இறக்குறவ வந்துட்டா"ன்னுதான் கேன்டீன்ல கூடக் கூப்பிடுவாங்க.

இது நல்லாப் போயிக்கிட்டு இருந்துதுங்க. அப்புறந்தான் அவ வந்தா.

பேரு பெனிட்டா. தூத்துக்குடி. எம்.இ. படிச்சவ. பாக்கறதுக்குக் குச்சியாட்டம் இருப்பா, காத்தடிச்சா ஒரு பக்கம் சாய்வா. வந்த அன்னிக்கே நேரா எம்மேசைக்கு வந்து, "ஏக்கா, இந்த நூலெல்லாம் எதுக்கு கட்டிருக்கீங்க?"ங்கறா. அக்கா! எனக்கும் அவளுக்கும் வயசு அப்படி ஒண்ணும் தூரம் இல்லை. புள்ளை பெத்தவ எல்லாம் அக்காவா?

எனக்கு அவ மேல பொறாமைன்னு எங்க வீட்டுக்காரரு சொல்றாரு. முனிராஜ்னு பேரு, டயர் கம்பெனியில இருக்காரு. அவருக்கு என்ன தெரியும் டயரைத் தவிர. எனக்குப் பொறாமையே கெடையாதுங்க. ஒரு விஷயம் சரியில்லைன்னா சரியில்லைன்னு சொல்லுவேன், அது பொறாமையா?

அவ எம்மேசைக்குப் பக்கத்துலயே ஒரு நாற்காலியப் போட்டுக்கிட்டா. கேட்டுப் போட்டாளான்னா, கேட்டுத்தான் போட்டா. "இங்கன உக்காரட்டாக்கா?"ன்னா. வேண்டாம்னு எப்படிச் சொல்றது, கம்பெனி நாற்காலி. உக்காந்து நான் பண்றதை எல்லாம் பாத்துக்கிட்டே இருப்பா. நான் பச்சைய மாட்டினா அவ எதையோ தட்டுவா கம்ப்யூட்டர்ல. நான் மஞ்சளை மாட்டினா இன்னும் கொஞ்சம் தட்டுவா. "என்னம்மா தட்டறே"ன்னு கேட்டேன். "ஒண்ணுமில்லக்கா, நீங்க கையில பண்ணுததை இது தானாப் பண்ணுமான்னு பாக்கேன்"ங்கறா. ஒண்ணுமில்லையாம்! என் கையத் தூக்கி அந்தப் பெட்டிக்குள்ள போட்டுட்டு ஒண்ணுமில்லையாம்.

இது கூடப் போகட்டும். இந்தா மடியில கெடக்கறாளே, தன்விகா, இவ என்ன பண்ணினான்னு கேளுங்க. கம்பெனியிலயே குழந்தைங்களுக்கு ஒரு ரூம்பு இருக்கு, ஆயா பாத்துக்கும். மத்தியானம் நான் போய்ச் சோறு ஊட்டுவேன். ஒரு நாள் பெனிட்டாவும் எங்கூட வந்தா, பையில மக்ரூன் வச்சிருந்தா. தூத்துக்குடி மக்ரூன் தெரியுமில்ல, வாயில போட்டாக் கரைஞ்சுடும். குடுத்தா. அவ்ளோதான். மறுநாள்ல இருந்து "பெனி எங்க, பெனி எங்க"ன்னு இது ஒரே அழுகை. நான் ஊட்டினா வாயை இறுக்கி மூடிக்கும். அவ கப்பல் வருது, வாய்த் துறைமுகத்தைத் தொறன்னு என்னமோ சொல்லுவா. பொளந்துக்கிட்டு வாங்கும். நாங்க கப்பலுக்கு எங்க போறது? எங்க ஊர்ல ஏரியே பாதி நாள் காஞ்சு கெடக்கும்.

வீட்டுல சொல்லி அழுதா, எங்க வீட்டுக்காரரு, "நல்ல பொண்ணா இருக்கும் போல, ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடு"ங்கறாரு. கூப்பிட்டேன். களியும் கீரைக் கொழம்பும் வச்சேன், திங்க மாட்டா, மூஞ்சி கோணுவா, அதைப் பாக்கலாம்னு. ரெண்டாவது உருண்டை கேட்டு வாங்கித் தின்னுட்டு, "சூப்பரா இருக்குக்கா, எங்கம்மைக்கு இது பண்ணத் தெரியாது"ன்னு பாராட்டு வேற. அன்னிக்கு எனக்குக் களி பத்தலை.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அவ எழுதின ப்ரோகிராமு ஒரு நாள் வேலை செஞ்சுடுச்சு. ஸ்கிரீன்ல தோள் தூக்கிக்கிட்டு நிக்குது, இவ ஒரு பட்டனத் தட்டறா, வெளிய போறதை அதுவே கொஞ்சம் எடுத்துப் பாத்து, உள்ள வந்ததோட ஒட்டிப் பாத்து, எந்த வழி எவ்வளவு லேட்டுன்னு தானே கணக்குப் போட்டு, முன்னாடி வர்றதை நிறுத்தி நிறுத்தி அனுப்புது. தோள் எறங்குது. வயரும் இல்லை, நூலும் இல்லை. சுத்தி நின்னவங்க எல்லாம் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். தட்டாம இருந்தா என்ன நெனப்பாங்க?

ஆனா உள்ளுக்குள்ள ஒரு சிரிப்புங்க எனக்கு. ஏன்னா எனக்கு ஒண்ணு தெரியும், அவளுக்குத் தெரியாது. பெட்டிய ஓட்டி ஒரு சாயா குடிச்சுட்டு வந்து பாத்தா, எறங்கின தோள் மறுபடியும் தூக்கிக்கிட்டு நிக்கும். சூடாகும் பாருங்க, அதனால. சாயா குடிச்சுட்டு வந்து பச்சையக் கழட்டிட்டுச் செவப்பை மாட்டுவேன், அப்புறம் நாள் முழுக்க அசையாது. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லை. யாரும் கேக்கலை. கேட்டாச் சொல்லியிருப்பேன், நான் என்ன ஒளிச்சா வச்சேன்? அவளாவது கேட்டாளா? நூலு எதுக்குன்னு கேட்டா. சாயா குடிச்சுட்டு வந்து ஏன் மாத்தறேன்னு கேக்கலை. அப்ப அது அவ தப்பா, என் தப்பா?

கிருஷ்ணகிரி வந்துடுச்சா? கொய்யா வாங்கறீங்களா? பாப்பா எந்திரிச்சாக் கேப்பா, எனக்கும் சேத்து வாங்கிடுங்க. உப்பு மொளகாத்தூளு தனியாக் கட்டித் தரச் சொல்லுங்க.

ஆங், எங்க விட்டேன்? பெட்டிய வெலைக்கு வாங்கறவங்க வந்து பாக்கற நாளு. அவங்க முன்னாடி பெட்டிய ஓட்டிக் காட்டணும். நான் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டைக் கட்டிக்கிட்டுப் போனேன். எதுக்குன்னா, எப்படியும் என்னைக் கூப்பிடப் போறாங்க இல்ல? தோள் தூக்கும், அவ பட்டனப் பட்டனத் தட்டுவா, எறங்காது, பத்ரி சார் வேர்த்து விறுவிறுத்து, "மாதேஸ்வரி எங்க, மாதேஸ்வரியக் கூப்பிடு"ன்னு கத்துவாரு. நான் கைப்பையில செவப்பு நூலு கட்டினதைத் தயாரா வச்சிருந்தேன். மெதுவா நடந்து போய், ஒரு வார்த்தை பேசாம மாட்டிட்டு, மெதுவாவே திரும்பி வந்துடணும். ஓடக் கூடாது, பட்டுல ஓடினா நல்லா இருக்காது. இதெல்லாம் முன்கூட்டியே யோசிச்சு வச்சிருந்தேன்.

ஓட்டினாங்க. தோள் எறங்கி நின்னுச்சு. எல்லாரும் சாயா குடிக்கப் போனாங்க, நான் போகலை. ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு நின்னேன். தூக்க ஆரம்பிச்சுது பாருங்க! ஒரு பக்கம் மெதுவாத் தூக்குது. நான் கைப்பையத் தொறந்துட்டேன். அடுத்த நிமிஷம், ஆளே இல்லாம, பட்டனே தட்டாம, அதுவா எறங்கிடுச்சு. மறுபடி துளி தூக்கும், எறங்கும். தூக்கும், எறங்கும். தூங்கற குழந்தை மூச்சு விடற மாதிரி. அவ அதை ஒருதடவை பாத்துட்டு விடற மாதிரி எழுதலை. ஓட ஓடப் பாத்துக்கிட்டே இருக்கற மாதிரி எழுதியிருக்கா!

அதோட விட்டாளா? சாயா குடிச்சுட்டு எல்லாரும் வந்த பிறகு, வாங்கறவங்கள்ல ஒருத்தரு, பெரிய மனுஷரு, "சூடானா நேரம் மாறுமே, அதுக்கு என்ன பண்ணினீங்க?"ன்னு கேட்டாரு. அத்தனை பேரு முன்னாடி இவ என்னைக் கையக் காட்டி, "அது இந்த அக்காகிட்ட கத்துக்கிட்டது சார். சாயா குடிச்சுட்டு வந்ததும் இவங்க வயரை மாத்துவாங்க. எதுக்கு மாத்துதாங்கன்னு தேடிப் போனேன், அப்பதான் பிடிபட்டுச்சு"ன்னுட்டா. எல்லாரும் என்னப் பாத்துக் கை தட்டறாங்க. பட்டுப் புடவையக் கட்டிக்கிட்டு, தொறந்த கைப்பையோட, மரம் மாதிரி நிக்கறேன் நானு.

நீங்களே சொல்லுங்கம்மா. திருடறவங்களப் பாத்திருக்கேன். திருடினதை மேடையில ஏறி, இந்தம்மா வீட்டுலதான் எடுத்தேன்னு சொல்லிக் கை தட்டு வாங்கிக் குடுக்கறதை நான் இவகிட்டதான் பாத்தேன்.

அதுலயும் ஒரு குத்து பாருங்க. நான் சூடாகறது பவர் ஆம்புன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அது இல்லையாம். ஏத்த இறக்கத்தைக் கொண்டு வர்ற வழியில ஒரு சின்னப் பெட்டி இருக்கு, அதுதான் சூடாகித் தடுமாறுதாம். அதையும் தனியா எங்கிட்ட வந்து சொல்றா, "பெரிசு இல்லக்கா, சின்னதுதான்"ன்னு. பெரிசா இருந்தா என்ன, சின்னதா இருந்தா என்ன? தோள் தோள்தானே?

அடுத்த வாரமே ஆரம்பிச்சுது. பத்ரி சார் கூப்பிட்டாரு. "மாதேஸ்வரி, இனிமே அந்த மேசை தேவைப்படாது போலிருக்கே. எடத்தைக் காலி பண்ணினா இன்னொரு பெட்டி வைக்கலாம். உன்னைப் பேக்கிங்ல போட்டுக்கறேன், வேலை ஒண்ணும் போகாது, பயப்படாதே"ன்னாரு.

பேக்கிங். தெர்மாகோல் வெட்டி ஒட்டற வேலைங்க. அங்க இருக்கறவங்களத் தப்பாச் சொல்லலை, நல்ல சனங்க. ஆனா நான் தோள் இறக்கினவ. எம்மாமியாரு சொந்தக்காரங்ககிட்ட எல்லாம், "எம்மருமக கை வச்சாத்தான் ரேடியோவே பேசும்"னு சொல்லிக்கிட்டுத் திரியற பொம்பளை. அந்தம்மாகிட்ட போயி, இனிமே நான் தெர்மாகோல் ஒட்டறேன்னு சொல்ல முடியுமா? அன்னிக்கு மேசைய ஒருதடவை தொடச்சேன். துண்டு வயரை எல்லாம் நேரா அடுக்கி வச்சேன். அடுக்கி வச்சுட்டு, பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.

அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துது. கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்லை. டெஸ்ட் பண்றதுதானே என் வேலை? அந்த ப்ரோகிராமு அவ்வளவு கெட்டிக்காரின்னா, அதையும் டெஸ்ட் பண்ணிப் பாக்கணுமா வேண்டாமா? மத்தியானம் அவ எழுந்து போனா. எங்க போனா? எம்பொண்ணுக்குச் சோறு ஊட்டத்தான். எனக்கு வேலை இருக்குன்னு நாந்தான் அனுப்பி வச்சேன். அந்த நேரத்துல பெட்டிக்குப் பின்னாடி போயி, இருக்கறதுலயே நீளமான துண்டு, கருப்பு நூலு கட்டினது, அதைக் கொண்டு போயி மாட்டிட்டு வந்து எடத்துல உக்காந்துட்டேன்.

அவ வந்தா. பத்ரி சாரும் வந்தாரு, வேற யாருக்கோ காட்டறதுக்கு. ஓட்டினாங்க. அம்மா, என்ன தோளுங்கறீங்க! நடு மேட்டுக்குச் சமமா நிக்குது. ப்ரோகிராமு இந்தப் பக்கம் இழுக்குது, அந்தப் பக்கம் இழுக்குது, சந்தையில அம்மாவத் தொலைச்ச குழந்தை மாதிரி திரியுது, வழி தெரியலை அதுக்கு. சாருக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. "என்னம்மா பெனிட்டா இது?"ங்கறாரு.

அவ கம்ப்யூட்டரக் கூடத் தொடலை. நேரா பெட்டிக்குப் பின்னாடி போனா. குனிஞ்சா. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தா. திரும்பி வந்தப்ப அவ கோட்டுப் பாக்கெட்டு புடைச்சுக்கிட்டு இருந்துச்சு, கருப்பு நூலு ஒரு நுனி வெளிய தொங்குது. எனக்கு வேர்த்துக் கொட்டுது. செத்தோம்டா இன்னிக்குன்னு நெனச்சேன். இல்லை, பயமெல்லாம் இல்லை, நான் தப்பு ஒண்ணும் பண்ணலையே. ஆனா வேர்த்துச்சு.

அவ சார்கிட்ட சொல்றா, "சார், இது ப்ரோகிராமு குறைதான். கொஞ்சம் விலகினா இது பிடிச்சுக்கிடும். ரொம்பத் தள்ளிப் போயிட்டா எந்தப் பக்கம் திரும்பணும்னு இதுக்குத் தெரியாது. மொதல்ல கையால கிட்டக் கொண்டாந்து விடணும். அதுக்கு அக்காதான் வேணும். மேசைய எடுத்துராதீங்க சார்." 

சார் யோசிச்சாரு. தலைய ஆட்டினாரு. பேக்கிங் பேச்சு அதோட போச்சு. மேசை எனக்கே.

சந்தோஷப்படணுமாம். எங்க வீட்டுக்காரரு சொல்றாரு. எப்படிங்க சந்தோஷப்படறது? எம்மேசைய எனக்குக் குடுக்க இவ யாரு? என் கை வேணும்னு நான் நிரூபிச்சுக் காட்டினேன், அதைத் தானாக் கண்டுபிடிச்ச மாதிரி சார்கிட்ட சொல்லிட்டா.

இன்னும் கேளுங்க. சாயங்காலம் பஸ்ஸுக்கு நிக்கறப்ப ஓடி வந்து அந்தக் கருப்புத் துண்டை எங்கையில வச்சா. "அக்கா, இது உங்களுது. கீழ கெடந்துச்சு"ங்கறா. கீழ கெடந்துச்சாம்! நான் நல்லாத் திருகி மாட்டினது எப்படிக் கீழ கெடக்கும்? பொய்யி! மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்றா, சிரிச்சுக்கிட்டே. இப்படிப் பொய் சொல்றவள நம்பிக் குழந்தைய எப்படி விடறது? ஆனா விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், என்ன பண்றது, இது வேற யாரு ஊட்டினாலும் திங்க மாட்டேங்குதே.

அதுக்கப்புறம் ஒரு மாதிரி பழகிப் போச்சுன்னு வச்சுக்கங்களேன். நான் வயரால கிட்டக் கொண்டாந்து விடுவேன், அவ ப்ரோகிராமு மிச்சத்தைப் பாத்துக்கும். அவ கேப்பா, "மஞ்சளாக்கா, பச்சையாக்கா?" நான் சொல்லுவேன். நான் சொன்னதுதான் மாட்டணும். கேன்டீன்ல ஒரு சாயாவ ரெண்டாப் பிரிச்சுக் குடிப்போம். அவ டம்ளர்ல எப்பவும் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும், அதையும் நான் கவனிச்சு வச்சிருக்கேன். இல்லை, ஊத்தறது நாந்தான். இருந்தாலும்.

பதினஞ்சு நாளைக்கு முன்னாடி அந்தப் பெட்டி ஏற்காடு போச்சு. அதோட அவளும் போனா, மாட்டிக் குடுத்து ஓட்டிக் காட்டிட்டு வர்றதுக்கு. போறப்பவே, "என்ன வயரு வேணுமோ எடுத்துக்கிட்டுப் போ"ன்னு என் துண்டுல பாதிய எடுத்துக் குடுத்தேன். பெரிய மனசுதானே எனக்கு? தெனம் போன் பண்ணுவா. தன்விகாகிட்ட கப்பல் கதை சொல்லுவா, அப்புறம் எங்கிட்ட பேசுவா. முந்தாநாளு போன்ல சொல்றா:

"அக்கா, இங்கன குளிர்ல சுத்தமா மாறிப் போச்சு. உங்க துண்டு ஒண்ணும் ஒத்து வரலை. நல்ல வேளை, கலாமணியக்கா புதுசா ஒண்ணு வெட்டித் தந்தாங்க. டக்குன்னு பொருந்திடுச்சு. தோளு பாக்கணுமே, அப்படி எறங்கிடுச்சு."

யாரு கலாமணின்னு கேட்டேன். அந்த மலை ரூம்புல இவ மேசையிலயே பக்கத்துல உக்காந்து வேலை பாக்கற அம்மாவாம், சேலத்துக்காரங்களாம். "ரொம்ப நல்லவங்கக்கா, தெனம் எனக்கும் சேத்துச் சோறு கொண்டு வருதாங்க. உங்களைப் பத்தி எல்லாம் சொல்லியிருக்கேன்"ங்கறா. எடுத்ததுக்கெல்லாம் கலாமணியக்கா சொன்னாங்க, கலாமணியக்கா குடுத்தாங்க. அக்காவாம். எந்த அக்கா? போன வாரம் வரைக்கும் யாருன்னே தெரியாத பொம்பளை.

அந்தம்மாவுக்கு என்ன தெரியும், சொல்லுங்க. பொருந்திடுச்சாம். இன்னிக்குப் பொருந்தும். வெயில் ஏறினா? பனி எறங்கினா? நூலு கட்டியிருக்காளா மொதல்ல? எந்தக் கலரு கட்டியிருக்கா? கேட்டா, "நூலெல்லாம் இல்லக்கா, சும்மா டேப்பு சுத்தியிருக்கு"ங்கறா. டேப்பு! எனக்கு அன்னிக்குச் சோறே எறங்கலைங்க.

பத்ரி சார்கிட்ட போயி, நான் ஏற்காடு போயி ஒருதடவை பாத்துட்டு வர்றேன் சார்னேன். "எதுக்கும்மா, எல்லாம் நல்லா ஓடுதாமே, தேவையே இல்லை"ன்னாரு. தேவையில்லைன்னா போகக் கூடாதுன்னு அர்த்தமா? லீவு எழுதிக் குடுத்துட்டேன். பிரிச்சுக் குடுத்தது போக மிச்சம் இருந்த துண்டை எல்லாம் பையில போட்டுக்கிட்டேன், புதுசா நாலு வெட்டியும் வச்சிருக்கேன். களி கிண்டி ஒரு தூக்குப் போசியில எடுத்துக்கிட்டேன். பெனிட்டாவுக்கு இல்லைங்க, எனக்குத்தான், வழியில பசிச்சா. என்ன, நாலு உருண்டை இருக்கு.

வீட்டுக்காரரு பஸ் ஏத்தி விட்டுட்டுச் சிரிக்கறாரு. "இப்ப யாரு மேலடி பொறாமை உனக்கு?"ன்னு கேக்கறாரு. அந்தப் பொண்ணு யாரை அக்கான்னு கூப்பிட்டா எனக்கென்ன? ஊரு பூரா கூப்பிடட்டும். வயரு சரியா இருக்கான்னு பாக்கணும், அதுக்கு மேல ஒண்ணும் இல்லை.

தொப்பூர் எறக்கம் வந்துடுச்சு, புடிச்சு உக்காருங்கம்மா. இன்னும் கொஞ்சந்தான் சேலம். ஏற்காடு பஸ் எந்தப் பக்கம் நிக்கும், உங்களுக்குத் தெரியுமா? பழைய பஸ் ஸ்டாண்டா, புதுசா?

எத்தனை நாள் இருப்பேனா? அதெல்லாம் ஒண்ணும் கணக்கு வச்சுக்கலைங்க. அந்தக் கலாமணியம்மா அந்த மேசைய விட்டு எந்திரிக்கற வரைக்கும்.